அடுத்த ஆள் கை வைக்கும் நாள்

‘அவசரம்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பட்டறையில் பதினொரு வருடமாக போன் எடுக்கிறேன். அந்தப் பதினொரு வருடத்தில் ‘மெதுவாகக் கொடுங்கள், தலைபோகிற காரியம் ஒன்றுமில்லை’ என்று ஒரே ஒரு வாடிக்கையாளர்கூடச் சொன்னதில்லை. எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். சிலருக்கு நேற்றே வேண்டும்.

பட்டறை என் அக்கா வீட்டுக்காரருடையது. வாசல் பலகையில் ஹீட் ட்ரீட்மென்ட் என்று எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது உலைப் பட்டறைதான். இரும்புத் துண்டுக்குப் பதம் ஏற்றுவது எங்கள் வேலை. கடைசல் முடிந்து வரும் துண்டு கெட்டியாக இருக்காது. அதை உலையில் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் முக்கி எடுத்தால் கெட்டிப்படும். அதற்குப் பிறகுதான் கிரைண்டிங்காரர் அதில் கை வைக்க முடியும். நாங்களாக எதையும் செய்து விற்பதில்லை. மூன்று கம்பெனிகளின் சரக்கு எங்கள் உலை வழியாகப் போய்விட்டு வருகிறது, அவ்வளவுதான்.

அந்த மூன்று கம்பெனிகளைச் சொல்லிவிடுகிறேன். கியர் கம்பெனியில் வேலை ஒதுக்கும் பொறுப்பு ஒரு அம்மாவுக்கு. நான் அவரை கியர் மேடம் என்பேன். பம்ப் கம்பெனியிலிருந்து ஷாப்ட் அனுப்புகிறவர் பம்ப் சார். மூன்றாமவர் தையல் கத்திரி செய்கிறவர். முதலாளியும் அவரே, கணக்குப்பிள்ளையும் அவரே, சரக்கை வண்டியில் போட்டு ஓட்டிவருவதும் அவரே. வயதானவர் என்பதால் கத்திரி ஐயா.

மூன்று பேருக்கும் ஒரே உலை. எனவே மூன்று பேரும் பொய் சொல்வார்கள். இருபதாம் தேதி வேண்டிய சரக்கைப் பதினான்காம் தேதி என்பார்கள். உண்மையைச் சொன்னால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவோம் என்ற பயம். அத்தான் மட்டும் லேசுப்பட்டவரா? யார் எவ்வளவு பொய் சொல்வார்கள் என்று கணித்து வைத்திருந்தார். உலைக்கூடத்தின் இரும்புக் கதவு எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். அதன் முதுகில் சாக்பீஸால் மூன்று வரி: கியர் - 6, பம்ப் - 2, கத்திரி - 0. கியர் மேடம் ஒரு தேதி சொன்னால் அதோடு ஆறைக் கூட்டு. பம்ப் சார் என்றால் இரண்டு. கத்திரி ஐயாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்த அட்டவணை அத்தானுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பல வருடம் அது தப்பாமல் பலித்தது. அதுதான் பிரச்சினையே.

அத்தானுக்கு இடது கண் பிறவியிலிருந்தே சரியில்லை. வெளிச்சம், இருட்டு என்ற மட்டில்தான் தெரியும். முப்பது வருடமாக வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டு உலையின் ஓட்டை வழியாக நிறம் பார்த்து, ‘இப்ப எடு’ என்பார். மீட்டர் இருக்கிறது. ஆனால் மீட்டர் உலையின் சூட்டைச் சொல்லும், உள்ளே கிடக்கும் துண்டின் சூட்டைச் சொல்லாது. உலையில் லோடு ஏற்றி இறக்க இரண்டு ஆட்கள் உண்டு. எப்போது எடுப்பது என்பது மட்டும் அந்த ஒற்றைக் கண்ணின் வேலை. அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது.

இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும், இனியும் தள்ளினால் பார்வை பழையபடி திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்வது முதல் தடவை அல்ல. மூன்று தடவை தேதி கொடுத்து, மூன்று தடவையும் அத்தான் டிமிக்கி கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கம்பெனியின் அவசரம். நடுவில் ஒருநாள் வாசலில் நின்ற தள்ளுவண்டி மேல் மோதி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். கேட்டால் வண்டியைத் திட்டுகிறார்.

நான்காம் தேதியைக் கொடுத்த அன்று அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள். என் மேஜைக்கு முன்னால் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

“ஊர்ல இருக்கற கம்பெனிக்கெல்லாம் தேதி குறிச்சுக் கொடுக்கறியே, உங்க அத்தானுக்கு ஒரு தேதி உன்னால குறிக்க முடியலையா?”

“நான் என்னக்கா பண்றது? அவர் கேட்டாத்தானே?”

“கேக்க மாட்டார்னு தெரியும்ல? கேக்க வை. இல்லேன்னா நீயே அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போற நாள் வரும், சொல்லிட்டேன்.”

அவள் கண் கலங்கியிருந்தது. என் அக்கா சண்டை போடுவாள், பாத்திரத்தைத் தூக்கிப் போடுவாள், அழ மாட்டாள். 

உலையை நிறுத்துவது விளக்கை அணைப்பது போல் அல்ல. அணைத்த பிறகு இரண்டு நாள் மெதுவாக ஆற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே செங்கல் வெடித்துவிடும். ஆறி முடிகிற வரை அத்தான் பக்கத்தை விட்டு நகர மாட்டார். அதற்குப் பிறகு ஆபரேஷன், பத்து நாள் சூடும் தூசியும் படாமல் வீட்டில் ஓய்வு. மறுபடி பற்றவைத்துச் சூடேற இரண்டு நாள். ஆக இரண்டு வாரத்துக்கு மேல் பட்டறை மூடிக்கிடக்கும். மூன்று கம்பெனிகளும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும்.

நான் முதலில் கியர் மேடத்தைப் பார்க்கப் போனேன். கெஞ்சத்தான் போனேன். அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று கிடங்குப் பக்கம் உட்காரவைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நீல நிறத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியின் மூலை தெரிந்தது. அதில் தொங்கிய சீட்டு எங்கள் சீட்டு, எழுத்து என் எழுத்து. தார்ப்பாயைத் தூக்கினேன். ஆறு பெட்டி. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் கட்டிய கம்பி அப்படியே இருந்தது. சீட்டில் இருந்த தேதியை இரண்டு தடவை படித்தேன். ஆறு வாரத்துக்கு முன்னால், ‘இது இல்லேன்னா லைனே நின்னுடும்’ என்று மூச்சுக்கு முந்நூறு தடவை போன் செய்து வாங்கிக்கொண்டு போன கியர். இதற்காகத்தான் அத்தான் இரண்டாவது ஆபரேஷன் தேதியை விட்டார்.

மேடம் வந்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“இது நின்னா லைன் நிக்கும்னீங்களே மேடம். லைன் நல்லாத்தான் ஓடுது. இது இங்க தூங்குது.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “கொஞ்சம் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கறதுதான்...” என்று இழுத்தார்.

“இதுக்காக ஒருத்தர் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். அவருக்கு இருக்கறதே ஒரு கண்ணுதான்.”

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். “நான் மட்டும் உண்மையச் சொன்னா என் சரக்கு கடைசிக்குப் போயிடும்னு பயம். பம்ப் கம்பெனிக்காரங்க உங்களுக்கு வேண்டப்பட்டவங்கன்னு எங்க ஆளுங்க சொல்வாங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் கியர் கம்பெனிக்கு வளைந்துகொடுக்கிறோம் என்று பம்ப் சார் ஐந்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து மூன்று பேரையும் பட்டறைக்கே வரவழைத்தேன். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. என் மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைப் பலகையை மாட்டி, கம்பெனிக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம் என்று போட்டு வைத்திருந்தேன். மூன்று பேரும் கல்யாண வீட்டில் சண்டைக்கார சம்பந்திகளைப் போல் விறைத்துக்கொண்டு நின்றார்கள். கத்திரி ஐயா மட்டும் டீ நன்றாக இருக்கிறது என்றார்.

“எப்ப வேணும்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா இன்னைக்கேம்பீங்க. எங்ககிட்ட இருந்து வந்த சரக்குல உங்க அடுத்த ஆள் எந்த நாள் கை வைப்பார்? அதை மட்டும் சொல்லுங்க” என்றேன்.

யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். வேண்டும் என்பதை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கை வைப்பது என்றால் ஒரு ஆள், ஒரு மிஷின், ஒரு காலைப்பொழுது கண் முன்னால் வந்துவிடுகிறது. மேடம்தான் முதலில் எழுந்தார். கியர் வரியில் ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் குறி போட்டார். “ஒன்பதாம் தேதி காலைல கிரைண்டிங் மிஷினை எனக்காக காலியா வெச்சிருக்காங்க. ரெண்டு லோடு. மத்ததெல்லாம் அடுத்த மாசம் போதும்.” பம்ப் சாருக்கு நான்கு லோடு, கடைசி லோடு பதினொன்றாம் தேதி. கத்திரி ஐயா பதினான்கு, இரண்டு லோடு. அதுவரை என் நோட்டில் பதினான்கு லோடு அவசரம் என்று இருந்தது. பலகையில் எட்டாகச் சுருங்கிவிட்டது.

உலை ஒரு நாளைக்கு ஒரு லோடுதான் கொள்ளும். ஷாப்டுக்கும் கியருக்கும் ஒரே சூடு. கத்திரிக்கு அதைவிட நிறையச் சூடு வேண்டும். சூட்டை ஏற்ற ஒரு பகல் போதும்; இறக்க ஒன்றரை நாள் ஆகும். ஆளாளுக்கு அவசரம் என்று கத்தியபோது ஏற்றுவதும் இறக்குவதுமாகவே பாதி மாதம் போய்க்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் அழகாக வரிசையில் விழுந்தது. ஐந்து, ஆறு ஷாப்ட். ஏழு, எட்டு கியர். ஒன்பது, பத்து மீதி ஷாப்ட். பதினொன்று சூடேற்றுவது. பன்னிரண்டு, பதின்மூன்று கத்திரி. பதின்மூன்றாம் தேதி மாலை உலையை அணைத்துவிடலாம், இறக்கவே வேண்டாம். பதினாறாம் தேதிக் கட்டத்தில் பெரிதாக ‘ஆபரேஷன்’ என்று எழுதினேன்.

அத்தான் பலகைக்கு அரை அடி தூரத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்படி ஒரு பலகை கைக்கு வந்த பிறகு இனி உலைப்பக்கம் எட்டிப்பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. யார் மேலும் நான் பழி போடவில்லை.

ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு கியர் கம்பெனி லாரி வந்தது. கூடவே மேடமும் வந்தார். பலகையைப் போட்டோ எடுத்துத் தன் முதலாளியிடம் காட்ட வேண்டுமாம். சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரோடு உலைக்கூடத்துக்குப் போனேன். கியர் பெட்டிகள் வந்து இறங்கிய இடத்திலேயே இருந்தன. தொட்டுப் பார்த்தேன். பதம் ஏறாத இரும்பு. ஒன்றுமே நடக்கவில்லை.

உலை உறுமிக்கொண்டிருந்தது. மீட்டர் முள்ளைப் பார்த்தேன். கத்திரிச் சூட்டை நெருங்கியிருந்தது.

“அத்தான், கியர் எங்கே?”

“இருக்கே, அங்கதானே இருக்கு. ஷாப்ட் நாலு லோடையும் நேத்தோட முடிச்சாச்சு. விடிகாலைலேயே சூடு ஏத்த ஆரம்பிச்சிட்டேன். கத்திரிய முடிச்சிட்டு கியரைப் போட்டுக்கலாம்.”

“பலகையில ஏழு, எட்டு கியர்னு எழுதியிருக்கே!”

அத்தான் குரலைத் தாழ்த்தினார். மேடம் நான்கடி தள்ளி நிற்பது அவருக்குத் தெரியவில்லை. “எழுதினா? ஒன்பதுன்னு அந்தம்மா சொன்னா ஆறு கூட்டிக்கணும். பதினஞ்சு வருது. பம்புக்கு ரெண்டு கூட்டினா பதிமூணு. கத்திரி பதினாலேதான். அப்ப கடைசில எது? கியர்தானே?”

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அம்மா உண்மையைச் சொன்னார். அத்தான் அதோடு ஆறைக் கூட்டிவிட்டார்.

மேடம் முன்னால் வந்தார்.  “நான் பொய் சொன்னப்பல்லாம் என் சரக்கு நாளுக்கு முன்னாடி வந்துச்சு. ஒரு தடவை உண்மையச் சொன்னேன், அங்க மிஷினும் ஆளும் சும்மா நிக்குது. இனிமே நான் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க.”

அத்தான் திகைத்துப்போனார். பெட்டிகளைப் பார்த்தார், உலையைப் பார்த்தார். சூட்டை இறக்குவதென்றால் மறுநாள் சாயங்காலம் வரை ஆகும். பதினொன்று, பன்னிரண்டு கியர். பதின்மூன்று மறுபடி ஏற்றுவது. பதினான்கு, பதினைந்து கத்திரி. இரண்டு நாள் போயிற்று. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, முப்பது வருடமாகச் சொல்லும் அதே குரலில் சொன்னார்: “தப்பு என்னோடதும்மா. உங்க சரக்கை முதல்ல முடிச்சுக் கொடுத்திடறேன். ஆபரேஷனை அடுத்த மாசம் பார்த்துக்கலாம். டாக்டருங்க எப்பவும் முன்னாடியேதான் சொல்வாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரும்புக் கதவை ஒரே இழுப்பாக இழுத்து மூடினேன். கூடத்துக்குள் யாரும் பார்த்திராத அதன் முதுகு வெளிச்சத்துக்கு வந்தது.

“பாருங்க மேடம். இதான் எங்க வண்டவாளம். யார் எவ்வளவு பொய் சொல்வீங்கன்னு கணக்கு!”

மேடம் கிட்டே போய்ப் படித்தார். “எனக்கு ஆறா?” என்றார். கோபம் கொஞ்சம் இறங்கி, ரோஷம் ஏறியது. “பம்புக்கு வெறும் ரெண்டுதானா? அந்த ஆளுக்கு?” பிறகு குனிந்தார். கத்திரிக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருந்தது. அது எனக்கே புதிது. அவர் சத்தமாகப் படித்தார்.

“டாக்டர் - தொண்ணூறு.”

 நான் அத்தானைப் பார்த்தேன்.  இந்த மாதத்துக்குள் என்று டாக்டர் சொன்னதையும் இவர் கதவில் எழுதிக் கூட்டியிருக்கிறார். தொண்ணூறு நாள். அக்கா அழுததெல்லாம் வீண்.

மேடம் மெதுவாகக் கேட்டார். “டாக்டர் என்ன ஷாப்டா அனுப்பறாரு? அவருக்கு எதுக்கு உங்ககிட்ட பொய் சொல்லணும்?”

அத்தான் பெட்டியிலிருந்து ஒரு கியரை எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்களை விரலால் தடவினார். “நீங்க ஒன்பதுன்னது நெஜமாவே ஒன்பதுதானா?” என்றார்.

“சத்தியமா ஒன்பதுதான்.”

“அப்ப அவர் சொன்னதும் நெஜமாத்தான் இருக்குமோ?”

சின்னப் பிள்ளை கேட்பதைப் போல் கேட்டார். பயம் தெரிந்தது. அத்தனை வருடத்தில் அத்தான் பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, துடைத்துக்கொண்டேன்.

அவர் கியரைப் பெட்டியில் வைத்தார். “இல்ல, தள்ளக் கூடாது. பதினாறாம் தேதி பதினாறாம் தேதிதான். ஆனா அந்தக் கணக்குக்கு பதிமூணோட உலையை அணைக்கணும். இவங்க சரக்கைப் போட்டா கத்திரி ஐயாவுக்கு நாளே இல்ல. அந்த மனுஷன் ஒரு பொய்கூடச் சொன்னதில்ல. அவருக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்வேன்?”

இதற்குமேல் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்பவர்களைப் பார்த்துப் பதினொரு வருடமாகப் பல்லைக் கடித்தவள் நான். “பதினாறு இல்ல அத்தான்” என்றேன். “பதினெட்டு.”

“என்ன பதினெட்டு?”

“ஆபரேஷன் பதினெட்டாம் தேதி. நீங்க எப்படியும் ரெண்டு நாள் இழுப்பீங்கன்னு நானும் அக்காவும்தான் பதினாறுன்னு சொன்னோம். சீட்டை உங்ககிட்டயே கொடுத்தோம். உங்களால படிக்க முடியல.”

அத்தான் சட்டைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்தார். நான்காக மடித்து ஒரு வாரமாக நெஞ்சோடு வைத்திருந்த சீட்டு. மேடத்திடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, “பதினெட்டுதான்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “என்னைக் கிடங்குல நிக்கவெச்சு அந்தப் பேச்சு பேசினீங்களே!” என்றார். நான் அசடு வழிய நின்றேன். எங்கே வைத்துக்கொள்வது இந்த முகத்தை?

பதினெட்டு என்றால் பதினைந்தாம் தேதி மாலை அணைத்தால் போதும். தொலைந்த இரண்டு நாளும் நான் ஒளித்துவைத்த இரண்டு நாளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின. மேடம் அங்கேயே நின்று தன் கம்பெனிக்கு போன் செய்து, கிரைண்டிங் ஆட்களை இரண்டு ஷிப்டாகப் பிரித்தார். “பன்னெண்டாம் தேதி காலைல முதல் லோடு, பதிமூணு காலைல ரெண்டாவது. அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தாங்காது. இதுவும் நெஜம்” என்றார்.

“பன்னெண்டுன்னா பன்னெண்டு” என்றார் அத்தான்.

கத்திரி ஐயாவிடம் நான் பேசினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. அவர் கொஞ்சம் யோசித்தார். “எனக்குக் கஷ்டம்தாம்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். பாலிஷ் ஆளை ரெண்டு நாள் வேற வேலைக்குத் திருப்பணும். பண்ணிக்கறேன். பதினஞ்சு காலைல பாதி, பதினாறு காலைல மீதி. கண்ணு முக்கியம்” என்றார். போனை வைக்கும் முன், “அந்தக் கதவுல எனக்கு என்ன போட்டிருந்தார்?” என்று கேட்டார். சைபர் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற மேடத்துக்கும் கேட்டிருக்கும்.

அத்தான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தார். டாக்டருக்குக் கீழே, ஐந்தாவதாக, ‘மச்சினி - 2’ என்று கோணல்மாணலாக எழுதினார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு எண்ணெய்த் துணியை எடுத்து ஐந்து வரியையும் மேலிருந்து கீழே அழித்தார். டாக்டரின் தொண்ணூறை மட்டும் இரண்டு தடவை துடைத்தார்.

பதினைந்தாம் தேதி மாலை உலை அணைந்தது. ஆறுகிற இரண்டு நாளும் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டாம் தேதி காலை, அக்கா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாங்கள் பிடித்த பிடியில் அவர் ஓடியிருந்தால் கைதான் எங்களிடம் மிஞ்சியிருக்கும். ஓய்வு பத்து நாள் என்றார் டாக்டர். அத்தான் வாயைத் திறந்தார். அக்கா, “கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்” என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பத்து நாளும் வீட்டில் இருந்தார். அந்தப் பத்து நாளில் அக்கா பட்டபாடு தனிக்கதை.

மறுபடி உலை பற்றவைத்துச் சூடேறிய நாள், முதல் லோடு கியர். அத்தான் ஓட்டை வழியாகப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். “இதென்ன இவ்வளவு பளபளன்னு இருக்கு? இத்தனை நாளா நான் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?” என்றார். ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இருட்டை எவ்வளவு நெருங்கிவிட்டிருந்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது எங்கள் பலகையில் ஒவ்வொரு மாதமும் இரண்டு கட்டம் காலியாக இருக்கும். ‘கையிருப்பு’ என்று எழுதியிருப்பேன். யாருக்காவது நிஜமாகவே முட்டிக்கொண்டால் மூன்று பேரும் பேசி எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒளித்துவைத்த அதே இரண்டு நாள்தான். இப்போது எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது. போன மாதம் மேடம் தான் கேட்டிருந்த கையிருப்பு நாளை பம்ப் சாருக்கு விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்ததை ஆறு தடவை சொல்லிக்காட்டினார் என்பது வேறு விஷயம்.

உலை மறுபடி சூடேறிய அன்று மதியமே பம்ப் சாரிடமிருந்து போன் வந்தது. “எட்டாம் தேதி எங்க ஆள் கை வைப்பார், ஒரு லோடு” என்றார். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு அத்தானைப் பார்த்தேன். பழக்கம் அப்படி. அவர் கண்ணும் ஒரு நொடி கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

“எட்டுன்னா எட்டு. எழுது” என்றார்.

எழுதினேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். பலகையிலிருந்து இரண்டு தப்படி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்காமல், கட்டங்களை ஒருமுறை படித்தார். பிறகு கிட்டே வந்து, கத்திரி வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இழுத்தார். அதன் தலைப்பில் ‘டாக்டர்’ என்று நேராக எழுதி, இருபதாம் தேதிக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“மறுபரிசோதனை. காலைல பத்து மணி. அந்த நாள்ல யார் சரக்கையும் போட்டுடாதே” என்றார்.

போனில் பம்ப் சார் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். “சார், இருபதாம் தேதி மட்டும் கேக்காதீங்க, அது ஏற்கெனவே போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.